ஷீட்டுக்குக் கீழே தெரிந்த இரண்டு கால்கள்

கூரை ஏறியும் மானம் இறங்காத என் மாமாவுக்கு,

நலம். இதைப் படித்து முடிக்கும்வரை நீங்களும் நலமாக இருக்கவும். வெள்ளை ஷீட் கிடைக்காததால் அப்பா பரீட்சை அட்டையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தாளை உருவி எழுதுகிறேன். என் போன் அவர் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

மாமா, நம் வீட்டில் எதற்கெடுத்தாலும் ஷீட்தான். நீங்கள் சமையலறைக்கு மேலே கூரையாகப் போட்டது சிமெண்ட் ஷீட், அதன்மேல் செங்கல் வைத்து அம்மா காயப்போடுவது பெட் ஷீட், கீழே அடுப்படியில் உட்கார்ந்து அவர் திருத்துவது பள்ளிப் பிள்ளைகளின் ஆன்சர் ஷீட். சனிக்கிழமை மதியம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. சேர்த்துவைத்த புண்ணியவதி நான்தான். அப்பா குறட்டை விடும்போது மழை வந்தால் எப்படி ஓடுவார் என்று பார்க்க ஆசை. மாடித் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒளிந்து ரெண்டு கை ஜல்லியை ஷீட்டில் வீசினேன். அவ்வளவுதான். சடசட! அப்பா "ஐயோ மழை, பெட் ஷீட்டு!"னு லுங்கியைப் பிடிச்சிட்டு ஓடி வந்து, நீங்க அடியில குழாய் இருக்கிற போல்ட் வரிசையில மட்டும் கால் வைக்கணும்னு சாக்பீஸ் கோடு போட்டீங்களே, அதை விட்டுட்டு நட்டநடு ஷீட்டுல வச்சாரு. மடார்! மேல பாதி அப்பா, கீழ பாதி அப்பா. நடுவுல அவரைத் தாங்கிப் பிடிச்ச இரும்புக் குழாய். ஒரு பையனோட ஆன்சர் ஷீட் பால்ல விழுந்து, அவன் வாங்கின மூணு மார்க் மட்டும் மேல மிதந்துச்சு.

அம்மா அந்தக் கால்களைப் பார்த்து, "இறங்கப் படி இருக்கே?" என்றார்.

"உன் தம்பி போட்ட ஷீட் ஒரு மனுஷனைத் தாங்கல!"

"அது மழையைத் தாங்கப் போட்டது. உங்களைத் தாங்க நான் ஒருத்தி போதாதா?"

அப்பாவுக்குச் சிராய்ப்புதான். ஆனால் தெரு முழுக்க உங்கள் வேலை மோசம் என்று சொல்லிவிட்டார். உங்களைக் கூப்பிட இருந்த எதிர்வீட்டார் வேறு ஆள் தேடுகிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காக உண்மையைச் சொல்லவும் தைரியமில்லை. நீங்கள் வந்து, ஷீட்டிலேயே விரிசல் இருந்தது, கம்பெனி கோளாறு என்று சொல்லிவிடுங்கள். ஜல்லி நமக்குள் இருக்கட்டும்.

அத்தைக்கு அன்பு, குட்டிக்கு முத்தம், உங்கள் ஏணிக்கு என் வணக்கம்.

உங்கள் வாலு

பி.கு: ஐயையோ மாமா! மடிக்கத் திருப்பினால் பின்பக்கம் அப்பா உங்களுக்கு எழுதியிருக்கிறார்! "மச்சான், தப்பு உன் மேல இல்ல. கோட்டைத் தாண்டிக் கால் வச்சது நான்தான். வெளிய சொல்லிட்டேன், இப்ப மாத்திச் சொல்ல வெக்கமா இருக்கு. உன் அக்காவுக்குத் தெரிய வேணாம். இன்னொண்ணு, அன்னிக்கு வானத்துல ஒரு மேகம் இல்ல. டேங்குக்குப் பின்னால ஒரு சிரிப்பு மட்டும் கேட்டுச்சு."

கிழித்தால் ரெண்டும் போய்விடும். அப்படியே அனுப்புகிறேன். வந்ததும் எதிர்வீட்டாரிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். இந்தப் பக்கத்தை... சரி, இதையும்தான். நான் டேங்குக்குப் பின்னால் இருப்பேன்.