பாம்பை உபசரித்த கதை

எங்கள் ஆட்களிடம் சாப்பாடு வேண்டாம் என்று சொன்னால் எடுபடாது. முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்கு, இரண்டாவது வெட்கத்துக்கு, மூன்றாவதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் சோறு தட்டில் விழுந்துவிடும். இந்தப் பழக்கத்தைப் பாம்பிடமும் காட்டிய ஆள் அநேகமாக நான் ஒருவன்தான்.

ட்ருகனினா என்ற புறநகரில் வத்சலா தங்கச்சி வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தேன். (தங்கச்சி என்பது வாய்ப்பேச்சுக்கு, உண்மையில் வீட்டுக்காரி.) அதற்கு முன் இரண்டு மூன்று நாடுகள், அகதி முகாம், பழத்தோட்டம் என்று அலைந்தவன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. பசி ஒன்றுதான் நான் ஒழுங்காகப் படித்த பாடம்.

வத்சலாவின் மகள் அபிக்குப் பதினைந்து வயது. லைசென்ஸோடு ஒரு மலைப்பாம்புக் குட்டி வளர்த்தாள். பென்சில் தடிப்பு இருக்கும். எந்நேரமும் சுருண்டு கிடப்பதால் பெயர் முறுக்கு. ஒரு கலியாணத்துக்காகக் குடும்பமே சிட்னிக்குக் கிளம்பியபோது முறுக்கு என் பொறுப்பானது.

“அங்கிள், அவன் தோல் கழட்டப்போறான். கண் நீலமாகும். சாப்பாடு குடுக்க வேண்டாம், தூக்க வேண்டாம். ஜஸ்ட் தண்ணி மட்டும். ஓகேயா?”

“நான் பார்க்காத பாம்பா, பிள்ளை?” என்றேன். (பார்த்தபோதெல்லாம் ஓடியிருக்கிறோம். பெரும்பாலும் ஓடியது நான்.)

மறுநாளே அதன் கண்ணில் பால் படர்ந்தது போலாகிவிட்டது. தோல் மங்கி, கண்ணாடிப் பெட்டியின் மூலையில் கிடந்தது. முகாமில் நாங்கள் இப்படித்தான் கிடந்தோம். இந்தச் சின்னப் பிள்ளைக்குப் பசியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஃப்ரீசரைத் திறந்தேன்.

உறைந்த எலிக்குஞ்சு ஒன்றைச் சுடுதண்ணீரில் இளக்கி, வாலைப் பிடித்து முறுக்கின் மூக்கருகே ஆட்டினேன். தலையைத் திருப்பியது. நானும் அந்தப் பக்கம் போனேன். மறுபடி திருப்பியது. “ஒரு வாய், ராசா” என்றேன். என் பெருவிரலைக் கடித்தது. அதையும் வெட்கம் என்றே எடுத்துக்கொண்டேன். கடைசியில் எலியை விழுங்கியது; பசியிலா, எரிச்சலிலா என்று தெரியவில்லை.

பெருமை தாங்கவில்லை. அதைத் தூக்கி மடியில் வைத்து, செரிக்கட்டும் என்று வயிற்றைத் தடவி, ஒரு படம் எடுத்து அபிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“அங்கிள்! கீழ வையுங்கோ! டச் பண்ணாதைங்கோ!”

வைப்பதற்குள் முறுக்கு நான் கட்டியிருந்த சாரத்தின் மேல் முழு எலியையும் கக்கிவிட்டுத் துவண்டு விழுந்தது. நான் தடவிய இடமெல்லாம் பழைய தோல் கிழிந்து தொங்கியது. நடந்ததைப் போனிலேயே சொன்னேன். கலியாண மேளத்துக்கு நடுவில் அபி அழுவது கேட்டது.

கலியாணச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். குட்டிகள் இப்படிக் கக்கினால் செத்தும் போகலாம் என்றார் மிருக வைத்தியர்.

வைத்தியரிடமிருந்து திரும்பும்போது காரில் அபி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “வேண்டாம் எண்டு சொன்னனே அங்கிள். விளங்கேல்லையா?”

விளங்கியது. நம்பவில்லை. அதை எப்படிச் சொல்வது?

முறுக்கு பிழைத்துக்கொண்டது. அபி என்னோடு பேசத்தான் நாளானது.

இப்போதும் அந்த வீட்டு விசேஷங்களில் நான் பரிமாற எழுந்தால், “அண்ணைட்டக் கரண்டியக் குடுக்காதைங்கோ!” என்று வத்சலா கத்துவாள். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்குத் தண்ணீர்ச் செம்புதான். போன பிறந்தநாள் விருந்தில் அதையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது அபி வழியை மறித்தாள்.

“அங்கிள், தண்ணியும் கேட்டால் மட்டும்.”