கம்பெனி போட்டபடி

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் கையால் தொட்டுப் பார்க்கத் தெரியவில்லை. ஃபோனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள், படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்குகிறார்கள், அப்புறம் உன் பொருளில் கோளாறு என்று உன்னிடமே சொல்கிறார்கள். கீழ்க்கட்டளை துரைராஜுக்கு எழுபத்திரண்டு வயதில் வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்கப் போன எஃப்.சி. ஆபீசில் நடந்ததும் அதுதான்.

அந்த ஆபீசர் சின்ன வயசு. துரைராஜின் காரை இரண்டு சுற்று சுற்றிவந்தார். கார் பழசு, வெளிநாட்டு டீசல் வண்டி, படகு மாதிரி நீளம். கடைசி மனையை விற்ற வருஷம் துரைராஜ் வாங்கியது. ஹாரன் சரி. லைட் சரி. பிரேக் சரி.

"பெரியவரே, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க."

துரைராஜ் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஆஃப் பண்ணச் சொன்னேன்."

"பண்ணினு தானே கீறேன்!"

துரைராஜ் நிதானமாக இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். உள்ளே ஒரு லிவரைக் கட்டைவிரலால் அழுத்தினார். வண்டி உதறிக்கொண்டு நின்றது.

"அவ்ளோதான் சார்."

"சாவியை எடுத்தா வண்டி நிக்கணும்."

"சார், நான் வண்டி வாங்கனது ஓடறதுக்கா, நிக்கறதுக்கா?"

ஆபீசர் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். "சரி பண்ணி அடுத்த திங்கட்கிழமை கொண்டாங்க" என்றார்.

வீட்டில் மகன் குமரேசன் இதற்காகவே காத்திருந்தவன்போல் பேசினான். "நைனா, திங்கட்கிழமை பாஸ் ஆவலன்னா நான் ஸ்க்ராப்காரனுக்கு ஃபோன் பண்ணிடுவேன். அம்மாவுக்கு எங்கனா போணும்னா ஃபோன்ல வண்டி புக் பண்ணிக்கலாம்."

"எவனோ ஒருத்தன் வண்டில உங்கம்மா எதுக்குடா போவணும்?"

இதில் ஒரு விஷயம் இருந்தது. துரைராஜின் மனைவி தாயாரம்மாளுக்கு வலது முட்டி மடங்காது. ஆட்டோவில் உட்கார முடியாது. சின்னக் காரில் காலை எங்கே வைப்பதென்று தெரியாது. இந்தக் காரின் பின்சீட்டில் மட்டும்தான் கதவோரம் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, ராணி மாதிரி உட்கார்ந்துகொள்வாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அனகாபுத்தூரில் தங்கை அஞ்சம்மாள் வீட்டுக்குப் போவதும் அப்படித்தான். கார் போனால் ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. துரைராஜ் இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நேராக மெக்கானிக் சவுரிமுத்துவின் கடைக்குப் போய்விட்டார்.

சவுரிமுத்து பானெட்டுக்குள் தலையைவிட்டுப் பார்த்தான். "அண்ணா, வேக்கம் டியூபு எதோ மாறிக் கீது. யார் மாட்டினது?"

"நான்தான். அந்தப் பெருவெள்ளத்துக்கு அப்புறம் எல்லாம் பிச்சிகினு கெடந்துது. நானே உக்காந்து மாட்டினேன்."

"பத்து வருசமாவா இப்படி ஓட்றீங்க?"

"மாட்டினதுல ஒரு தப்பும் கெடயாது. இப்ப வர்ற ரப்பர்தான் சரியில்ல."

சவுரிமுத்து பொறுமையாக விளக்கினான். "இந்த வண்டி இன்ஜினு காத்தை உறிஞ்சும்ணா. அந்த உறிஞ்சல் இந்த டியூபுங்க வழியா போவும். இன்ஜினை நிறுத்தறதும் அதுதான். கதவு நாலையும் பூட்றதும் அதுதான்."

"காத்து கதவைப் பூட்டுமா? யார்கிட்ட கதை வுட்ற?"

சவுரிமுத்து ஒரு டியூபை உருவி இன்னொரு இடத்தில் செருகினான். சாவியைத் திருப்பினான். இன்ஜின் கிளம்பிய அதே மூச்சில் செத்துப்போனது. மறுபடி திருப்பினான். மறுபடி செத்தது.

"நின்னுடுச்சு பாத்தீங்களா!"

"டேய், கெளம்பவே இல்லியேடா!"

"நிக்கணும்னுதானே கேட்டீங்க?"

துரைராஜ் அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார். எல்லா டியூபையும் கழற்றி, துடைத்து, ஒவ்வொன்றாகத் தானே பார்த்து மாட்டுவது என்று முடிவு செய்தார். சவுரிமுத்து ஃபோனை எடுத்தான். "கயட்றதுக்கு முன்ன ஒரு ஃபோட்டோ புடிச்சிக்கலாம்ணா."

"ஃபோட்டோவுல இடது வலதா மாறிப்பூடும். வேணாம்."

"மாறாதுண்ணா."

"கண்ணாடியில மாறுதே?"

சவுரிமுத்து ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டான். காரை நாலு பேர் தள்ளி துரைராஜ் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

துரைராஜுக்கு எழுத்து வராது, ஆனால் அடையாளம் வைக்கத் தெரியும். பூஜை அலமாரியிலிருந்து மூன்று கிண்ணம் கொண்டுவந்தார். முதல் டியூபின் முனையிலும் இன்ஜினில் அது மாட்டியிருந்த மூக்கிலும் மஞ்சள். அடுத்ததற்குக் குங்குமம். அதற்கடுத்ததற்கு விபூதியைக் குழைத்து ஒரு பட்டை. பிறகு மஞ்சளோடு குங்குமம், குங்குமத்தோடு விபூதி, இப்படியே போனது. பன்னிரண்டு டியூபையும் கழற்றி, பழைய வேட்டியில் வரிசையாக அடுக்கி, காருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் படுத்தார். உலகத்தில் எந்த மெக்கானிக்குக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஆயுத பூஜை.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் தாயாரம்மாள் வேலையை முடித்திருந்தாள். ஸ்டீயரிங்குக்குச் சந்தனம், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், பானெட்டில் மாலை. வேட்டியின் மேல் பன்னிரண்டு டியூபும் இரண்டு முனையிலும் மஞ்சளும் குங்குமமும் விபூதியுமாகப் பளபளவென்று கிடந்தன. இன்ஜினில் இருந்த அத்தனை மூக்கும் அப்படித்தான்.

"இன்னாமே பண்ண?"

"நீ பாதிக்கு வச்சிட்டு மீதிக்கு மறந்துட்டியே. ஒண்ணுகூட வுடாம எல்லாத்துக்கும் வச்சிட்டேன்."

துரைராஜ் படியில் உட்கார்ந்துவிட்டார். நாள் கிழமையில் திட்டக் கூடாது என்பதால் வாயைத் திறக்கவில்லை.

சவுரிமுத்து பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போக வந்தவன் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். "நாங்க கோயிலுக்குத் தூக்கினு போயி ஃபாதர்கிட்ட தண்ணி தெளிச்சிக்கினு வந்துடுவோம்ணா. இந்த வம்பே இல்ல."

"நீ சும்மா இரு."

வெள்ளியும் சனியும் இருவரும் குனிந்தபடியே கழித்தார்கள். நீளத்தைப் பார்த்து, வளைவைப் பார்த்து, எது எட்டுகிறதோ அதில் செருகினார்கள். ஞாயிறு காலை இன்ஜின் கிளம்பியது. ஒரே சீராக ஓடியது.

"ஏறுமே" என்றார் துரைராஜ் பெருமையாக. "அனகாபுத்தூருக்குப் போவோம்."

தாயாரம்மாள் பின்சீட்டில் ஏறிக் காலை நீட்டினாள். கதவைச் சாத்தியதுதான் தாமதம், நாலு கதவின் பூட்டுக் குமிழும் சப்பென்று உள்ளே போயின. அவள் ஒரு குமிழை நகத்தால் தூக்கினாள். அது மறுபடி சப்பென்று உள்ளே போனது. துரைராஜ் வெளியிலிருந்து கைப்பிடியை இழுத்தார். அசையவில்லை. பானெட்டைத் தூக்கி லிவரை அழுத்தி இன்ஜினை நிறுத்தினார். அப்போதும் குமிழ்கள் எழவில்லை.

"காத்து கதவைப் பூட்டாதுன்னு சொன்னீங்களேண்ணா" என்றான் சவுரிமுத்து.

"இந்தாய்யா, நான் எப்ப எறங்கறது?" என்று கண்ணாடி வழியாகக் கேட்டாள் தாயாரம்மாள். கண்ணாடி நாலும் நல்லவேளையாக இறங்கியிருந்தது. "உன் முட்டியோட ஜன்னல்ல ஏறி எறங்க முடியுமா?" என்றார் துரைராஜ். "உனக்கு வாய் மட்டும் பூட்டலையே" என்றாள் அவள்.

திங்கட்கிழமைக்கு ஒரு பகல்தான் மீதி. குமரேசன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான், ஃபோனைக் கையில் எடுத்தான். சவுரிமுத்துவுக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது.

"அண்ணா, முடிச்சூர்ல ஒரு காலனியில இதே மாரி வண்டி ஒண்ணு கீது. கவர் போட்டு மூடி வச்சிருப்பாங்க. அதைப் பாத்து அப்படியே மாட்டிடலாம். ஃபோட்டோ வேணாம், நேர்லயே பாக்கலாம்."

"முடிச்சூரா? வேணாம்யா, அங்க எதுக்கு?" என்றாள் தாயாரம்மாள் உள்ளிருந்து.

"எறங்க வேணாமா உனக்கு?"

அவளை உள்ளே வைத்தபடியே ஓட்டினார்கள். முன்கதவும் திறக்காததால் துரைராஜ் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, பிறகு தோளை விட்டு, கடைசியில் சவுரிமுத்து காலைத் தூக்கித் தள்ள, ஸ்டீயரிங்குக்கு முன்னால் போய் விழுந்தார். சவுரிமுத்து மறுபக்கம் அதேபோல் ஏறினான். தாம்பரம் மேம்பாலத்தில் பக்கத்து பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். துரைராஜ் திருப்பி முறைத்தார்.

முடிச்சூர் வீட்டில் ஞானாம்பாள் என்ற அம்மாள் கதவைத் திறந்தார். ஜன்னல் வழியாக ஒரு கிழவர் காலை முதலில் நீட்டி இறங்குவதைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தார். சவுரிமுத்து விஷயத்தைச் சொன்னான்.

"எங்காத்துக்காரர் ஊர்ல இல்லை. பெங்களூர்ல பொண்ணு சின்மயியைப் பார்க்கப் போயிருக்கார்" என்றார் ஞானாம்பாள். "நீங்க பார்த்துக்கோங்கோ. எதையும் கழட்டிடாதீங்கோ. பத்து வருஷமா ஒருத்தரையும் அதைத் தொட விட்டதில்லை அவர்."

"ஓட்டறது இல்லியா?"

"ஓட்டறதா? ஸ்டார்ட்டே பண்ண மாட்டார். வாரத்துக்கு ஒருநாள் துடைச்சுட்டு மறுபடி மூடிடுவார்."

துரைராஜுக்கு அந்த மனிதரை உடனே பிடித்துவிட்டது. "பாருடா" என்றார் சவுரிமுத்துவிடம். "இவரு வண்டியை மதிக்கத் தெரிஞ்ச மனுசன். எந்த மெக்கானிக் கையும் படல. கம்பெனி போட்டபடி கீது. இதை நம்பலாம்."

அவர் வாயிலிருந்து நம்பலாம் என்ற சொல் வந்து சவுரிமுத்து கேட்டதே இல்லை.

இரண்டு காரும் மூக்கும் மூக்கும் உரச நின்றன. சவுரிமுத்து அந்தக் காரில் ஒரு டியூபைத் தொட்டு, எங்கே போகிறது என்று விரலாலேயே ஓட்டிப் பார்ப்பான். துரைராஜ் அதேபோல் இந்தக் காரில் செருகுவார். மஞ்சளும் குங்குமமும் அவர் வேட்டியெல்லாம் அப்பிக்கொண்டன. ஞானாம்பாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பின் ஜன்னலில் நீட்டினார்.

தாயாரம்மாள் முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு செம்பை வாங்கினாள்.

"இன்னாமே, கல்யாணப் பொண்ணு மாரி மூடிக்கினு?" என்றார் துரைராஜ்.

"வெயிலு."

"நெழல்லதானே நிக்குது வண்டி?"

"எனக்கு வெயிலு."

பன்னிரண்டாவது டியூபும் ஏறியது. இரண்டுக்கும் ஒரு நூல் வித்தியாசமில்லை. துரைராஜ் ஜன்னலில் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் கிளம்பியது. டொக், டொக் என்று நாலு குமிழும் எழுந்தன. சவுரிமுத்து கை தட்டினான். துரைராஜ் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"எறங்குமே. கம்பெனி போட்டபடி போட்டாச்சு. இப்ப பாரு."

சாவியை உருவினார்.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் சாவியைச் செருகி மறுபடி உருவினார். ஓடியது. பத்து வருஷமாக எப்படி ஓடியதோ, அதே சீராக ஓடியது.

சவுரிமுத்து தலையைச் சொறிந்தான். "அண்ணா, எனக்கு இந்த ரெண்டு டியூபு மேலதான் சந்தேகம். மாத்திப் போட்டுப் பாக்கட்டா?"

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்! கம்பெனிக்காரன விட உனக்குத் தெரியுமா? ரப்பர்தான் சரியில்ல."

"நாளைக்கு ஆபீசருகிட்ட ரப்பர்னு சொல்லுவீங்களா? உங்க புள்ள ஸ்க்ராப்காரனை வரச் சொல்லிடுவாருண்ணா."

துரைராஜ் பின்சீட்டைப் பார்த்தார். தாயாரம்மாள் ஒரு கையால் கதவைப் பிடித்து, மடங்காத காலை முதலில் தரையில் வைத்து, மெல்ல எழுந்தாள். எழும்போது முந்தானை தோளுக்கு நழுவியது.

ஞானாம்பாள் காலிச் செம்போடு அவளை உற்றுப் பார்த்தார். "மாமி! கீழ்க்கட்டளை மாமிதானே நீங்க? வெள்ளம் வடிஞ்சப்போ எங்க வண்டியில டியூபெல்லாம் கழண்டு போச்சுன்னு உங்காத்து வண்டியைப் பார்க்க வந்தோமே! நீங்கதானே பானெட்டைத் திறந்துவிட்டு மோரும் குடுத்தேள்? அதைப் பாத்து நோட்டுல வரைஞ்சிண்டு வந்துதானே இவர் எங்க வண்டியில மாட்டினார்! அன்னிலேர்ந்து சாவியை எடுத்தா எங்க வண்டியும் நிக்கவே மாட்டேங்கறது. அதான் மூடி வெச்சுட்டார்."

துரைராஜ் மனைவி பக்கம் திரும்பினார்.

"இன்னாமே?" என்றார் துரைராஜ்.

"நீ வூட்ல இல்ல" என்றாள் தாயாரம்மாள். "இருந்தா தொட வுடுவியா? பாவம், அவ்ளோ தூரத்துலேந்து வந்து நின்னாங்க."

சவுரிமுத்து யாரையும் கேட்கவில்லை. குனிந்தான். அந்த இரண்டு டியூபையும் உருவி, இடம் மாற்றிச் செருகினான். இன்ஜின் ஒருமுறை உதறியது, நின்றது. சாவி துரைராஜின் கையில்தான் இருந்தது. முடிச்சூர்க் காக்கைகளின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"நின்னுடுச்சுண்ணா! நாளைக்குப் பாஸ்!"

"அப்படியே எங்க வண்டியிலயும் மாத்திடுப்பா" என்றார் ஞானாம்பாள்.

துரைராஜ் சாவியைச் சவுரிமுத்துவின் கையில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். கேட்டைத் திறந்துகொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

"நான் மாட்டினது சரியாத்தான் இருந்துது" என்றார் போகிறபோக்கில். "வரைஞ்சினு போனவரு தப்பா வரைஞ்சிருப்பாரு."

"இந்தாய்யா, வண்டி இங்க கீது! எங்க போற?" என்று கத்தினாள் தாயாரம்மாள்.

அவர் திரும்பாமலே சொன்னார்.

"நின்னது சரிமே. திரும்ப ஓடும்னு எவன் கண்டான்?"