யோகராணி வாய் திறக்காத ஒன்பது இன்னிங்ஸ்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நகுலேஸ்வரன் ஒரு பெரிய முடிவோடு சோபாவில் உட்கார்ந்தார். இன்றைக்கு எழுதப்போகும் பத்தி, மொன்றியல் தமிழர் அதுவரை வாசித்த பேஸ்போல் பத்திகளையெல்லாம் தூக்கிச் சாப்பிட வேண்டும். அவற்றையும் அவர்தான் எழுதினார் என்பது வேறு விஷயம்.

மாதம் இருமுறை வரும் தமிழ்ப் பத்திரிகையில் நாலு வருடமாக எழுதுகிறார். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றையும் ஏறெடுத்துப் பார்க்காத சனத்தைப் பேஸ்போல் பார்க்கவைத்தவர். "முதல் பேஸில் நிற்கிறவன், புதுச் செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் நிற்கிறவன் மாதிரி. கண் சாமியில், நினைப்பு செருப்பில்" என்று எழுதியபோது புறநகர் டொலார்டிலிருந்தெல்லாம் தொலைபேசி வந்தது. எப்படி அண்ணை இப்படித் தோன்றுகிறது என்று கேட்டார்கள். அது தானாக வரும் என்றார்.

வந்தது உண்மை. சமையலறையிலிருந்து வந்தது.

அவருடைய மனைவி யோகராணி வெங்காயம் உரித்தபடியே ஆட்டம் பார்ப்பாள். அவள் வாயிலிருந்து விழுவதை அவர் ஒரு கடதாசித் துண்டில் ஒளித்துக் குறித்துக்கொள்வார்.

இன்றைக்கோ அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். ஆனால் பேசவில்லை. கைபேசியில் பெருவிரல் மட்டும் ஓடியது. தங்கைக்கு எழுதுகிறாள் என்று நினைத்தார். மூன்று இன்னிங்ஸ் போயிற்று. துண்டு வெள்ளையாகவே கிடந்தது. பத்தியோ ஆறு மணிக்குள் போயாக வேண்டும்.

தூண்டில் போட்டுப் பார்த்தார். கோட்டுக்கு வெளியே போன பந்தைக் காட்டி, வேண்டுமென்றே பிழையாக, "ஹோம் ரன்தானே?" என்றார்.

"ம்."

பந்து வீசுகிறவனை மாற்றினார்கள்.

"இவனை ஏன் மாத்தீனம்? நீர் என்ன நினைக்கிறீர்?"

"நீங்கள்தானே எழுதுறனீங்கள். நீங்களே சொல்லுங்கோ."

"களைச்சுப்போனான்."

"அப்ப அதையே எழுதுங்கோ."

எழுதினார். களைத்துப்போனான். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தார், குடித்தாள். கால் நோகிறதா என்று கேட்டார், இல்லை என்றாள். ஒன்பதாவது இன்னிங்ஸும் முடிந்தது. யார் வென்றது என்றுகூட அவர் கவனிக்கவில்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, பத்திரிகை ஆசிரியர் தேவதாசன் அழைத்தார். பத்தி கொஞ்சம் பிந்தும் என்று சொல்ல நகுலேஸ்வரன் வாயெடுத்தார்.

"பத்தி வந்திட்டுது அண்ணை. அக்கா இப்பத்தான் அனுப்பினவ. பேஸ்போல் பாக்கிற ஒரு மனிசனைப் பற்றி. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு நோகுது."

நகுலேஸ்வரன் மனைவியைப் பார்த்தார். அவள் தொலைக்காட்சியைப் பார்த்தாள்.

"என்ர பேர் போட்டிருக்கோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மேல அக்கான்ர பேர். உங்கட பேர் உள்ளுக்கை, இடத்துக்கு இடம் வருது."

தேவதாசன் அனுப்பிய பக்கத்தைத் திறந்தார். தூண்டில் போட்டது இருந்தது. தேநீர் இருந்தது. 'ஒன்பது இன்னிங்ஸில் ஒரேயொரு சொல்லைப் பிடித்தார். அதையும் கைநழுவ விட்டார்' என்ற இடத்தில் தன்னை மறந்து சிரித்துவிட்டார். இப்படி ஒரு வரியை அவர் சொந்தமாக எழுதியதேயில்லை.

"வடிவா எழுதியிருக்கிறீரப்பா," என்றார். மனதாரத்தான் சொன்னார். "இனி எனக்கு என்ன வேலை?"

"அதை நான் தேவதாசனிட்டைச் சொல்லிப்போட்டன்," என்றாள் யோகராணி. "எழுத்துப்பிழை பாக்கிறது நீங்கள்."

நகுலேஸ்வரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு தரம் தேடினார்.

ஒரு பிழைகூட இல்லை.