பத்து வளையங்களும் ஒரு சிட்டிகை சந்தனமும்

எந்த வேலையையும் ஒரு தடவை செய்துவிட்டு நிம்மதியாக இருக்க என்னால் முடியாது. சிதம்பரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் கேஸை மூடினேனா என்று மூன்று தடவை கேட்பேன். மகளின் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தே ஸ்கூல் வேனைத் தவறவிட்டிருக்கிறேன். இந்தக் குணத்தோடு நாட்டின் பாதுகாப்பில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

கடலூரில் என் கணவர் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்ப்செட்டுக்கு உதிரி செய்துகொண்டிருந்த இடம். பாதுகாப்பு அமைச்சகம் ராணுவத்தை நவீனப்படுத்துகிறது, செலவு கூடுகிறது, இனி உள்நாட்டிலேயே வாங்குவார்கள் என்றெல்லாம் பேப்பரில் வர ஆரம்பித்தது. அந்தக் கடலில் ஒரு துளி எங்கள் பட்டறைக்கும் தெறித்தது. ராணுவ லாரியில் எங்கேயோ உட்காரும், சுண்டுவிரல் உயரப் பித்தளை வளையம். பத்து மாதிரிகள் செய்து காட்ட வேண்டும். தேறினால் ஆர்டர்.

செய்தவன் என் தம்பி செந்தில். சென்னையில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, "மாமா கூப்பிட்டாரு" என்ற ஒரே காரணத்துக்காக வந்தவன். வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

பரிசோதனைக்கு முந்தின நாள், பத்து வளையங்களையும் துடைத்து ஒரு டப்பாவில் போட்டு என் கணவர் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். (பட்டறையில் எலி இருக்கிறதாம். பித்தளையை எலி என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. பதற்றத்தில் அவரும் எனக்குக் குறைந்தவரில்லை.)

காலையில் அவர் குளிக்கப் போனார். டப்பா சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் வந்தபோது பொட்டு வைத்தோம். மிக்ஸிக்கு வைத்தோம். என் எம்.எஸ்சி. கணித ஹால் டிக்கெட்டின் மூலையில்கூட மஞ்சள் இருந்தது. ராணுவத்துக்குப் போகிற பொருளை மொட்டையாக அனுப்புவதா?

சந்தனத்தைக் குழைத்த பிறகுதான் சந்தேகம் வந்தது. வருகிற ஆபீசர் வடக்கத்திக்காரராக இருந்து, என்ன இது அழுக்கு என்று கேட்டுவிட்டால்? வெளியே வைத்தால்தானே தெரியும்! பத்து வளையங்களிலும் துளைக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். அது காயும்வரை ஊதினேன். பிறகு டப்பாவை மூடினேன்.

மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று படித்தவள் நான். படித்து என்ன பிரயோஜனம்?

டப்பாவோடு என் கணவரும் நானும் பட்டறைக்குப் போனோம். ஆபீசர் வந்தார். நமஸ்தே சொல்லத் தயாராக நின்றேன். "வாங்கம்மா, நான் திட்டக்குடி" என்றார். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு வழவழப்பான இரும்புக் குச்சியை எடுத்தார். அதற்குப் பெயர் கேஜ். வளையத்தின் துளைக்குள் அது சுலபமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் துளை சிறியது, மாதிரி தேறாது. வெளிப்புறத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

முதல் வளையத்தில் கேஜ் நுழையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. பத்தாவது வரைக்கும் அதே கதைதான்.

"பத்துல பத்தும் நிக்கிதே சார்" என்றார் ஆபீசர்.

என் கணவர் திரும்பினார். "என்னா மச்சான் இது?"

"மாமா, நேத்து நானே பத்தையும் போட்டுப் பாத்தன். வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்குச்சு."

"அப்ப ராத்திரியில சுருங்கிப்புடுச்சா?"

செந்தில் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆபீசர் பேனாவின் மூடியைக் கழற்றினார். நான் வாயைத் திறக்காவிட்டால் அந்த ஆர்டரோடு என் தம்பியின் பெயரும் போய்விடும்.

"சார், அவன் மேல தப்பில்ல. உள்ள... சந்தனம் இருக்கு."

ஆபீசர் சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுரண்டி, மோந்து பார்த்தார்.

"நல்ல சந்தனம். ஆனா டிராயிங்ல இந்தக் கோட்டிங் இல்லையேம்மா?"

"ஏம்மா, உள்ள போயா வச்ச?" என்றார் என் கணவர், அழாத குறையாக.

"வெளிய வச்சா சார் பாத்துடுவாருன்னுதாங்க..."

ஆபீசர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்காகக் கண்ணாடியைத் துடைத்தார். "எங்க வீட்லயும் புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வப்போம். இன்ஜினுக்குள்ள வக்க மாட்டோம்." வளையங்களைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். செந்தில் ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துக் கொடுத்தான். கேஜ் பத்திலும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆனாலும் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் போனார்: 'மாதிரிகளின் உட்புறத்தில் அந்நியப் பொருள் காணப்பட்டது.'

ஆர்டர் வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும். அனுப்புவதற்கு முன் உட்புறம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் நான்தான் என்று மாமனும் மச்சானும் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். ஒவ்வொரு வளையத்தையும் மூன்று தடவை பார்க்கிறேன். இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

இன்றைக்கும் வீட்டில் மெதுவடை சுட்டால் செந்தில் முதல் வடையை எடுத்து, துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறான். "மாமா, எறங்குது. சாப்பிடலாம்!" என் மகளும் இப்போது அப்படி விரல் விட்டுப் பார்க்காமல் வடையைத் தொடுவதில்லை.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. லாரியில் ஏறும் ஒவ்வொரு பெட்டிக்கும் அடிப்பக்கத்தில், எந்தக் கேஜும் எட்டாத ஓரத்தில், ஒரு சின்னப் பொட்டு வைத்துத்தான் அனுப்புகிறேன். என் கணவருக்குக்கூட இது தெரியாது. அது ராணுவ ரகசியம்.