தூக்கத்துக்கு அத்தாட்சி

நேற்று எனக்கு ஒரே ஒரு வேலைதான். தூங்குகிற மகளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு கீர்த்தனாவுக்கு ஆண்டுத் தேர்வு முந்தின நாள்தான் முடிந்திருந்தது.

"என்னை யாரும் எழுப்பாதீங்க. தானா முழிப்பு வந்தாதான் எந்திரிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். பரீட்சைக் காலம் முழுக்க அவள் எங்களிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

அன்று மாலையே பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வகுப்பாசிரியை செய்தி போட்டிருந்தார். மாணவர் நலன் கருதி இது ஓய்வு வாரமாம். பிள்ளைகள் ஓய்வெடுப்பதைப் பெற்றோர் படம் எடுத்துக் காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டுமாம்.

என் மனைவிக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்ட். நேற்றுக் காலை கிளம்பும்போது சொன்னாள்:

"பேப்பர் ஆபீஸ்ல இத்தினி வருசம் குப்ப கொட்டுனல்ல. ஒரு போட்டோ எடுத்துப் போடுய்யா. புள்ளய மட்டும் எழுப்பிடாத."

வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று செய்தி அனுப்பியவன் நான். இது எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

முதல் படம். அறை இருட்டு. ஃபிளாஷ் அடித்தது.

"மழ வருதாப்பா?" போர்வைக்குள்ளிருந்து குரல்.

"இல்லம்மா, தூங்கு."

"தூங்கிக்கினுதான இருந்தேன்."

படத்தைப் போட்டேன். ஆசிரியை உடனே பதில் எழுதினார்: "போர்வை மட்டும்தான் தெரியுது சார். முகம் வேணும்."

அதற்குள் மற்ற பெற்றோர் முந்திவிட்டார்கள். ஒரு பையன் தென்னை மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில், கையில் இளநீரோடு. ஒரு பெண் மொட்டை மாடியில் கூலிங் கிளாஸோடு, மடியில் பூனை. பூனைக்குக் கழுத்தில் ரிப்பன். விடியற்காலையில் எழுப்பி ஓய்வெடுக்க வைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

இரண்டாவது படத்துக்குப் போர்வையை விரல் நுனியால் விலக்கினேன். அவள் முகத்தைச் சுளித்தாள். அப்படியே எடுத்து அனுப்பினேன்.

"முகம் தெரியுது சார். ஆனா கஷ்டப்பட்டுத் தூங்குற மாதிரி இருக்கு. எச்.எம். பாப்பாங்க. கொஞ்சம் சந்தோஷமா வேணும்."

மகளின் காதருகே குனிந்தேன்.

"கீர்த்தி, கொஞ்சம் சிரிச்சிக்கினே தூங்கும்மா."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "நான் இன்னா தப்பு செஞ்சேன்பா?" என்றாள்.

மேலிருந்து எடுத்தால் முகம் மலர்ச்சியாகத் தெரியும் என்று எனக்கு ஒரு யோசனை. பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறினேன். நாற்காலி காலை விரித்தது. நான் பீரோவைப் பிடித்தேன். பீரோ மேலிருந்த இட்லி குண்டானுக்குப் பிடிக்க எதுவும் கிடைக்கவில்லை. அது மூடி, தட்டுகள் சகிதம் தரைக்கு வந்தது.

கீர்த்தனா எழுந்தாள். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"எங்கம்மா போற?"

"தூங்க."

எதிர் வீட்டில் மெர்சி அக்காவும் அவர் கணவர் டேவிட்டும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நைட் ஷிப்ட், பகலில்தான் தூக்கம். ஜன்னலுக்கெல்லாம் அட்டை அடைத்து, காலிங் பெல் ஒயரைப் பிடுங்கி, கதவில் 'நைட் ஷிப்ட். தட்டாதே' என்று சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்கள். மணவாள நகரில் எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்காரர்கூட அந்த வீடு வந்தால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்.

நாஷ்டா முடித்துவிட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த மெர்சி அக்கா, தலையணையைப் பார்த்தார். கீர்த்தனாவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

மணி பத்தாகப் போகிறது. நான் கதவைத் தட்டினேன். மெதுவாகத்தான் தட்டினேன். தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் தலைகள் நீண்டன.

டேவிட் திறந்தார்.

"சார், கதவுல இன்னா எழுதிக்கீது?"

"நைட் ஷிப்ட். தட்டாதே."

"நல்லாத்தான் படிக்கிறீங்கோ. அப்புறம் இன்னா?"

"பாப்பாவ ஒரே ஒரு போட்டோ..."

"உங்க ஊட்ல பேஜாருன்னுதான் புள்ள இங்க வந்துக்கீது. இப்பதான் கண்ண மூடிச்சு. போய்க்கினே இரு சார்."

கதவு மூடியது. வேறு வழியில்லாமல் அந்தக் கதவைப் படம் எடுத்து, 'கீர்த்தனா உள்ளே ஓய்வில் இருக்கிறாள்' என்று எழுதி அனுப்பினேன்.

அதைப் பார்த்ததும் குழுவில் இளநீர்ப் பையனின் அம்மா, 'இவனும் உள்ளே' என்று ஒரு மூடிய கதவைப் போட்டார். அடுத்து பூனை வீட்டுக் கதவு. அப்புறம் வரிசையாகக் கதவுகள். கடைசியில் ஆசிரியையும் ஒரு கதவைப் போட்டார். அது அவர் வீட்டுக் கதவு.

மதியம் ஷிப்ட் முடிந்து மனைவி வந்தாள்.

"குரூப்ல பாத்தேன். அது நம்ம ஊட்டுக் கதவு இல்லியே. புள்ள எங்க?"

"தூங்குறா."

"எங்கய்யா?"

"நைட் ஷிப்ட்ல."

தரையில் கிடந்த குண்டானைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இன்னொரு தலையணையை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு வாசலுக்குப் போனாள். தட்டவில்லை. படியிலேயே சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள்.

அப்புறம் எங்கள் வீட்டில் கட்டில் மட்டும்தான் நன்றாக ஓய்வெடுத்தது. அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை.