மச்சானை வரவிடாத சட்டம்

நொயமி டிவி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் கணவர் கிரிசாந்தோ குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

சந்தோஷம் வந்தால் மறைக்கத் தெரியாத மனுஷர். முப்பது வருஷம் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கியவர். முகத்தை அடக்கப் பழக்கும் உத்தியோகம் இல்லை அது. தண்ணீரை அடித்துக் கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்து, வாயின் இரண்டு ஓரத்தையும் விரலால் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"கேட்டியா சாந்தோ? கூடப் பொறந்தவங்களுக்கு இனிமே விசாவே கிடையாதாம்" என்றாள் நொயமி.

"யாரு சொன்னது?"

"டிவில சொல்றான். சட்டத்த மாத்தப் போறாங்களாம். புருஷன் பொண்டாட்டி, சின்னப் புள்ளைங்க, அவ்வளவுதானாம். அண்ணன் தம்பி வரிசையவே எடுத்துடணும்னு பேச்சாம். இருவது வருஷத்துக்கு மேல நின்னானே என் தம்பி. இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம்னு இருந்தேனே."

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கையோடு, பிலிப்பைன்ஸில் பத்தங்காஸ் என்ற ஊரில் இருக்கும் தம்பி போயெத்துக்காக மனுப் போட்டவள் நொயமி. சாகும்போது அம்மா கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டது அது. கலிபோர்னியாவின் டேலி சிட்டியில் இருக்கும் எல்லா அக்காக்களையும் போல, மாதாமாதம் வரும் விசா அட்டவணையைப் பரீட்சை ரிசல்ட் மாதிரி பார்ப்பாள். தேதி முன்னால் நகர்ந்த மாதம் வீட்டில் பன்றிக்கறி அடோபோ. பின்னால் போன மாதம் வெறும் கருவாடு. கிரிசாந்தோவுக்குக் கருவாடுதான் பிடிக்கும்.

போயெத் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். தங்கமானவன். ஊருக்குப் போனபோது தன் கட்டிலை இவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தான். விடியுமுன் எழுந்து, அக்கா அத்தானுக்கு மரியாதை செய்வதாக நினைத்து, ஜன்னலுக்கு வெளியே நின்று கரோக்கே மைக்கில் பாடினான். பாட்டு இல்லாத நேரத்தில் பேசினான். பேச்சும் இல்லாத நேரத்தில் பின்னால் வந்து நின்று கிரிசாந்தோவின் தோளைப் பிடித்துவிட்டான்.

"எங்களுக்குத் தனி வீடெல்லாம் வேணாம் அத்தான். உங்க கராஜ் போதும். உங்க நாற்காலி பக்கத்துலயே என் நாற்காலி" என்று அப்போதே சொல்லிவிட்டான்.

டேலி சிட்டியில் கராஜ் கார் நிறுத்தும் இடம் இல்லை. சொந்தக்காரர்களை நிறுத்தும் இடம். கார்கள் தெருவில் பனிமூட்டத்தில் நனைந்துகொண்டிருக்கும். எதிர்வீட்டுக் கராஜில் மைத்துனி குடும்பம், பக்கத்து வீட்டில் சித்தப்பா மகன். அந்தத் தெருவில் ஆள் குடியேறாத ஒரே கராஜ் கிரிசாந்தோவுடையது. உள்ளே ஒரு பழைய சாய்வு நாற்காலி, ஒரு மீன்தொட்டி, இரண்டு தூண்டில். விமான இரைச்சலிலேயே ஆயுளைக் கழித்த காதுகளுக்கு, மீன்தொட்டியில் குமிழி வெடிக்கும் சத்தம்தான் ஓய்வூதியம். அதில் போயெத்தும் அவன் மனைவி ஜோசலினும் இரண்டு பையன்களும் கரோக்கே பெட்டியும் வந்து உட்கார்ந்தால் அப்புறம் செத்த பிறகுதான் அமைதி.

அதனால்தான் சிரித்தார். ஆனால் மனைவி அழுவது என்னவோ போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாத நொயமி. நான் இருக்கேன்ல? சும்மா விட்டுடுவேனா?"

முதல் இரண்டோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாவது வாக்கியம் வாயைவிட்டுப் போன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நொயமி நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணத்தன்று பார்த்த மாதிரி பார்த்தாள்.

அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாள். "கடவுள் விட்ட வழி அக்கா. மனசப் போட்டு அலட்டிக்காத" என்றான் போயெத்.

"எவ்வளவு பக்குவம் பாரு. உள்ளுக்குள்ள எப்படி வெந்துட்டிருக்கானோ" என்று நொயமி மறுபடி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் பசிங் அக்கா கிரிசாந்தோவை மறித்தார். ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். ஊசி இல்லாமலே ஆளைப் படுக்க வைக்கக்கூடியவர். கோயில் குழுச் செயலாளர்.

"நொயமி சொன்னா. நீங்க சும்மா விடப்போறதில்லயாமே?"

"அது... வீட்ல சும்மா..."

"நாங்களும் கூட்டம் போடலாம்னு இருக்கோம். நகராட்சி வாசல்ல. நீங்க பேசறீங்க."

"அக்கா, எனக்குப் பேச வராது. நாலு பேருக்கு முன்னால நின்னா நாக்கு ஒட்டிக்கும். என்னை விட்டுடுங்க."

பசிங் அக்கா மகிழ்ந்துபோனார். "அதான் வேணும். பேசத் தெரிஞ்சவங்க பேசிப் பேசி எல்லாரும் சலிச்சுட்டாங்க. வாயில்லாத மனுஷன் வந்து நின்னா, பாவம், நெசமாத்தான் கஷ்டப்படறான்னு நம்புவாங்க."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது தெரிந்தது. ஆனாலும் கிரிசாந்தோ தளரவில்லை. கூட்டம் நடந்தால்தானே பேச வேண்டும்? ஆள் வந்தால்தானே கூட்டம்? தேதியை நாமே குறித்துவிடலாம்.

"இருபதாம் தேதி ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்க்கா. மதியம்."

அன்றைக்கு மதியம் தாய்நாட்டுக் குத்துச்சண்டை வீரன் ஒருவனுக்குப் பட்டத்துக்கான பெரிய சண்டை. அந்த நேரத்தில் பிலிப்பைன்ஸ்காரன் வீட்டுக்குத் திருடனே வரமாட்டான். அவனும் டிவி முன்னால்தான் இருப்பான். குழுவில் ஒருவர் அதைச் சொல்லவும் செய்தார். பசிங் அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார்.

"அப்ப மண்டபத்துல பெரிய திரை கட்டிடுவோம். முதல்ல நகராட்சி வாசல்ல கூட்டம், கோஷம். முடிச்சுட்டு எல்லாரும் இங்க வந்து சேந்து சண்ட பாக்கறோம். கூட்டத்துக்கு வராதவங்களுக்கு மண்டபத்துல இடம் இல்ல. சாந்தோ, உங்களுக்கு இவ்வளவு மூளை இருக்கும்னு நான் நெனைக்கல."

இருபதாம் தேதி நகராட்சி வாசலில் தலை தலையாகத் தெரிந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். கழுத்தில் கொடி சுற்றிய இளைஞர்கள், சக்கர நாற்காலியில் பெரியவர்கள், தட்டுத் தட்டாக லும்பியா சுருள்களும் பன்சித் நூடுல்ஸும். சண்டைக்காக வந்தவன் யார், சட்டத்துக்காக வந்தவன் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இத்தனை கூட்டம் எதற்கு என்று பார்க்க, பிலிப்பைன்ஸ் சானலும் கேமராவோடு வந்துவிட்டது.

நொயமி அவருக்குச் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள். "தம்பிய மனசுல நெனச்சுக்க. வார்த்தை தானா வரும்."

மேடையேறினார். நாக்கு ஒட்டிக்கொண்டது, அதில் மட்டும் அவர் பொய் சொல்லியிருக்கவில்லை. சானல்காரப் பெண் மைக்கை நீட்டி உதவிக்கு வந்தாள்.

"ஐயா, நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?"

"மச்சானுக்காக."

"எத்தன வருஷமா காத்திருக்கீங்க?"

"ரொம்ப வருஷம்."

"இந்தச் சட்டம் வந்துட்டா அவரு இங்க வரவே முடியாது. இனி எப்பவுமே முடியாது. அத நெனச்சா உங்களுக்கு எப்படி இருக்கு?"

கிரிசாந்தோ நினைத்துப் பார்த்தார். மனைவி சொன்னபடியே மச்சானை நினைத்தார். எப்பவுமே முடியாது. கராஜ் தெரிந்தது. சாய்வு நாற்காலி, பக்கத்தில் இன்னொரு நாற்காலி இல்லை. மீன்தொட்டியில் குமிழி ஒவ்வொன்றாக மேலே வந்து வெடித்தது. யாரும் பாடவில்லை. யாரும் தோளைப் பிடித்துவிடவில்லை. சாகும்வரை இப்படியே.

அவருக்குக் கண் நிறைந்து, கன்னத்தில் வழிந்து, மைக்கில் சொட்டியது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஒரு விசும்பல்தான் வந்தது. அடக்க முடியாத ஆனந்தம். அது ஆனந்தம் என்று அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

யாரோ கை தட்ட, அத்தனை பேரும் தட்டினார்கள். பசிங் அக்கா மூக்கைச் சிந்தினார். நொயமி மேடையேறி, ஊர் பார்க்கக் கணவனைக் கட்டிக்கொண்டாள்.

சண்டையில் அந்த வீரன் மூன்றாவது சுற்றிலேயே விழுந்துவிட்டான். அன்றைக்கு ஜெயித்தது கிரிசாந்தோ ஒருவர்தான். அந்த அழுகையைச் சானல் அன்று முழுக்கப் போட்டது. மறுநாள் மணிலாவிலும் போட்டது.

அதற்கப்புறம் அவர் தெருவில் நடக்க முடியவில்லை. மீன்கடையில் ஒரு இறால் கூடுதலாகப் போட்டார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் சந்தையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"என் தங்கச்சிய விட்டுட்டு வர்றப்ப அவ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா. இப்ப பேரப்புள்ள எடுத்துட்டா. இன்னும் வரிசையிலதான் நிக்கறா. நீங்க அழுதது எனக்காக அழுத மாதிரி இருந்துச்சு அண்ணே."

கிரிசாந்தோவுக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்குக் கராஜில் உட்கார்ந்தும் அமைதி கிடைக்கவில்லை. குமிழிச் சத்தம் யாரோ முணுமுணுப்பது போல இருந்தது. கண்ணை மூடி, நியாயமாக ஒரு ஜெபம் செய்தார். ஆண்டவரே, இந்தச் சட்டம் வர வேண்டாம். அந்த அம்மாளின் தங்கச்சி வரட்டும். எல்லாருடைய தம்பியும் வரட்டும். போயெத்துக்கு மட்டும் அங்கேயே ஏதாவது நல்ல வழி காட்டும்.

ஆண்டவர் முதல் பாதியைக் கேட்டார். வாஷிங்டனில் ஏதோ இழுபறி. சட்டத் திருத்தம் கிடப்பில் போடப்பட்டது. அதற்கும் டேலி சிட்டி நகராட்சி வாசலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனால் சம்பந்தம் உண்டு என்பதில் பசிங் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. சில மாதங்களில் போயெத்தின் தேதியும் வந்தது. மணிலாத் தூதரகத்தில் நேர்முகம் முடிந்து, நான்கு பேருக்கும் விசா கிடைத்தது.

வரப்போவது வந்துவிட்டது. கிரிசாந்தோ தூண்டில்களைச் சுவரில் உயர மாட்டினார். மீன்தொட்டியை மாடிப்படிக்கு அடியில் நகர்த்தினார். கராஜில் இரண்டு அடுக்குக் கட்டில் வாங்கிப் போட்டார். மரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து உறுதியானதாகவே வாங்கினார். பையன்கள் வளரும் பிள்ளைகள்.

"பாத்தியா, நீ ஜெயிச்சுட்ட" என்றாள் நொயமி, கட்டிலுக்கு விரிப்பு போட்டுக்கொண்டே. அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது, போகட்டும், இதற்காகவாவது என்று அவருக்கு ஒரு கணம் தோன்றவே செய்தது.

பயணத்துக்கு முந்தின ஞாயிறு வீட்டில் விருந்து. கோயில் ஜனம் முழுக்க மேலே கூடியிருந்தது. வீடியோவில் போயெத்தைக் கூப்பிட்டார்கள். அவன் அங்கிருந்தபடியே அத்தானுக்கு ஒரு பாட்டு சமர்ப்பித்தான். இரண்டாவதும் சமர்ப்பித்தான். இங்கே எல்லாரும் சேர்ந்து பாட, தட்டில் தாளம் போட, கூரை பறந்தது.

பாட்டுக்கு நடுவே ஜோசலின் போனை வாங்கிக்கொண்டாள். அதிகம் பேசாதவள். "அண்ணே, கொஞ்சம் தனியா வர்றீங்களா? ஒரு விஷயம்" என்றாள்.

கிரிசாந்தோ போனை எடுத்துக்கொண்டு கராஜுக்கு இறங்கி, கதவைச் சாத்தினார். இனி அவருக்கு எத்தனை நாளைக்கு வாய்க்கும் என்று தெரியாத அமைதி அங்கே இருந்தது. ஜோசலினும் அந்தப் பக்கம் கொல்லைக்கு வந்துவிட்டிருந்தாள்.

"சொல்லும்மா. பயமா இருக்கா? புது ஊருன்னா அப்படித்தான் இருக்கும்."

"அது இல்லண்ணே. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்கக்கூடாதுன்னு சொல்றேன்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்களுக்கு அங்க வர்றதுல இஷ்டமே இல்ல. அந்தச் சட்டம் வருதுன்னு கேட்டதும், அப்பாடா, அக்கா மனசு நோகாம இங்கயே இருந்துடலாம்னு ரெண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். டிவில நீங்க அழுததப் பாத்த பொறகுதான் இவரு, 'அத்தானுக்காகவாவது போயே ஆகணும்'னு பொட்டி கட்ட ஆரம்பிச்சாரு."