நல்ல கயிற்றை அறுக்க மனம் வரவில்லை

தேதி போடாமல் ஒரு வரிகூட எழுதாதவன் நான். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. எந்தப் புயலில் எந்தத் தெருவின் எந்த மரம் விழுந்தது என்று கேட்டால் குறிப்பைப் பார்க்காமலே சொல்லுவேன் (இதுவரை யாரும் கேட்டதில்லை). ஆனால் இந்த ஒரு சம்பவத்துக்கு மட்டும் தேதி குறித்து வைக்கவில்லை. அவசியமும் இல்லை. ஆயுத பூஜைதோறும் குடும்பத்தில் யாராவது ஒருவர் நினைவுபடுத்திவிடுகிறார்.

ஒரு இயந்திரத்தைப் பற்றி எதுவும் படிக்காதவன் பயந்துகொண்டு தள்ளி நிற்பான். எல்லாவற்றையும் படித்தவன்தான் கிட்டே போவான். நான் போனேன்.

என் மனைவி தேவியின் தம்பி சரவணன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன். கடலூரில் இருக்கும் என் மாமனார் வீட்டுக்கு லீவில் வந்திருந்தான். அவன் மனைவி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் போக அவனுக்கு மனமில்லை.

"மாமா, நம்ம பக்கம் மழைக்கு முன்னாடி எல்லாரும் மரத்தக் கழிக்கறாங்க. வெட்டறதுக்கு ஆள் இருக்கு. வெட்டுன கொம்ப அள்ளத்தான் ஆள் இல்ல. ரோட்டோரமா மலை மாதிரி கெடக்கு. அத அரைக்கற மெஷின் ஒண்ணு வாங்கிட்டா நான் இங்கயே இருந்துடுவேன்" என்றான் என்னிடம்.

சிப்பர் என்று அதற்குப் பெயர். கிளையை வாயில் கொடுத்தால் இரண்டு ரோலர்கள் உள்ளே இழுக்கும். அவற்றுக்குப் பின்னால் வேகமாகச் சுற்றும் பெரிய உருளையில் இருக்கும் பிளேடுகள் சீவித் தள்ளும். மேலே வளைந்த குழாய் வழியாகச் சில்லுகள் பறந்து விழும். தென்னையடியில் ஈரம் காக்க மூடாக்காகப் போடலாம். இதையெல்லாம் ஒரே வாரத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த வாரம் பேசுவதற்கு எனக்கு வேறு விஷயமே இருக்கவில்லை.

என் மாமனாருக்கு மட்டும் சம்மதமில்லை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வாழ்க்கையில் எதையும் 'ரைட்', 'ஸ்டாப்' என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுவார். இதற்கு 'ஸ்டாப்' சொல்லியிருந்தார். தேவி கெஞ்சியபின் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"ஆயுத பூஜ வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கு என் கண் முன்னால ஓடணும். பரங்கிப்பேட்ட ஹாஜா பாயையும் வரச் சொல்றேன். அவருக்கு கிள்ளப் பக்கம் பெரிய தோப்பு இருக்கு. அவரு வேல குடுத்தா மெஷின் இருக்கட்டும். இல்லன்னா மெஷின் வந்த வழிய போவுது, இவன் பிளேன் ஏறட்டும்."

ஹாஜா பாய் அவருடைய பால்ய நண்பர். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர். ஆக, ஒரு குழந்தை அப்பாவின் மடியில் வளருமா, போனில் வளருமா என்பது ஒரு இயந்திரத்தின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

பழைய மெஷின் ஒன்று கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பதாகத் தெரிந்து நானும் சரவணனும் போனோம். பிளேடு எத்தனை முறை சாணை பிடித்தது, பெல்ட் எப்போது மாற்றியது, பேரிங் சத்தம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். டார்ச் அடித்து உருளைக்குள் பார்த்தேன். விற்றவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், நீங்க மெஷின் பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார். பிடிக்காவிட்டால் பண்டிகை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவரலாம் என்றும் சொன்னார். (என்னைச் சீக்கிரம் அனுப்பத்தான் என்று இப்போது தோன்றுகிறது.)

நான் லீவு போட்டுக் கடலூரிலேயே தங்க, பராமரிப்பு தொடங்கியது. பிளேடுகளைக் கழற்றிச் சாணைக்குக் கொடுத்தோம். உள்ளே அசையாமல் இருக்கும் அடிக்கத்திக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி வைத்தோம். கிரீஸ் அடித்தோம். இரவு சரவணன் தோசை சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து கையேட்டைத் தமிழ்ப்படுத்தி வாசிப்பேன். தொங்குகிற துணி போடக்கூடாது. கயிறு, கொடி, நார் எதையும் உள்ளே விடக்கூடாது. குழாய் பார்க்கிற திசையில் ஆள் நிற்கக்கூடாது. இன்ஜினை நிறுத்தினாலும் உருளை தானாக நிற்கும்வரை கிட்டே போகக்கூடாது. சரவணன் கொட்டாவி விட்டுக்கொண்டே, "நீங்க படிங்க மாமா, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பான். நம்பவில்லை. நானாவது நினைவில் வைத்துக்கொள்வோம் என்று இரண்டாம் முறையும் வாசித்தேன்.

ஆயுத பூஜை அன்று காலை அலங்காரப் பொறுப்பு என்னுடையது. வாசலில் மெஷின், பக்கத்தில் மாமனாரின் பழைய மொபெட். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. வாயின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டச் சொன்னார் மாமியார். கட்டினேன். புது நைலான் கயிறு, மீதி நிறைய இருந்தது. நல்ல கயிற்றை அறுக்க மனம் வரவில்லை. அறுக்காமலே இழுத்துக்கொண்டு போய் மொபெட்டின் ஹேண்டில்பாரில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதில் மாவிலை செருகினேன். தோரணம் மாதிரி அழகாகத்தான் இருந்தது.

ஹாஜா பாய் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, அத்தர் வாசனை. வெயில் ஏறவே, அவருடைய நாற்காலியையும் மாமனாரின் நாற்காலியையும் நானே தூக்கிக்கொண்டுபோய் மதில் நிழலில் போட்டேன். மருமகனின் பொறுப்பைப் பார்த்து மாமனார் தலையசைத்தார். சில்லுக் குழாயை முந்தின நாள் ஆளில்லாத பக்கமாகத் திருப்பி வைத்தவன் நான்தான். அந்த ஆளில்லாத பக்கம், மதில் நிழல்.

படையல் முடிந்தது. பொரி, கடலை, சுண்டல் கைமாறின.

"வாழையக் கழட்டிட்டு ஓட்டலாம் மாமா" என்றான் சரவணன்.

"படைச்ச கையோட கழட்டக் கூடாதுடா" என்றார் மாமியார்.

தீர்ப்புச் சொல்ல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஒண்ணும் ஆவாது. இன்ஜின்தான் ஓடும். லிவரப் போட்டாத்தான் ரோலர் சுத்தும்" என்றேன். கையேட்டின்படி நூற்றுக்கு நூறு சரி.

மாமனார் இடது கையைத் தூக்கினார். "ரைட்!"

இன்ஜின் ஓடியது. கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்ட ஹாஜா பாய், "சத்தம் நல்லாத்தான் இருக்கு. எதாச்சும் திங்குதா?" என்றார். சரவணன் யோசிப்பதற்குள் நான் ஒரு வேப்பங்கொம்பை எடுத்து வாயில் கொடுத்து லிவரைப் போட்டுவிட்டேன்.

கொம்பு போனது. அதன் பக்கக்கிளை வலதுபுற வாழைக்கன்றை அணைத்துக்கொண்டு போனது. அந்தக் கன்றின் கயிறு இடதுபுறக் கன்றை அழைத்துக்கொண்டு போனது. செவ்வந்தி மாலை தானாகவே கிளம்பியது. மேலே குழாயிலிருந்து பச்சையும் மஞ்சளுமாகக் கூழ் பறந்து மதில் நிழலில் விழுந்தது. அப்புறம் கயிறு விறைத்தது. மாமனாரின் மொபெட் ஸ்டாண்டிலிருந்து இறங்கி, யாரும் ஏறாமல், அவசரமே இல்லாமல், மெஷினை நோக்கிப் புறப்பட்டது.

"ஸ்டாப்! ஸ்டாப்!" என்றார் மாமனார். முப்பது வருஷம் பஸ்ஸை நிறுத்திய குரல். மொபெட் நிற்கவில்லை.

மாமனாரின் மொபெட்டைக் காப்பாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது. பட்டு வேட்டியும் கழுத்தைச் சுற்றிய ஜரிகைத் துண்டுமாக ஓடினேன். மெஷினின் வாயருகே குனிந்து கயிற்றைப் பிடித்து இழுத்தேன். துண்டின் நுனி முன்னால் சரிந்தது. ரோலர் அதையும் வாங்கிக்கொண்டது.

கழுத்தில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. என்னை யாரோ பின்னால் தள்ளினார்கள். உட்கார்ந்த நிலையில் பார்க்கிறேன்: சரவணன் ஒரு கையால் துண்டை என் கழுத்திலிருந்து உருவிவிட்டு, மறு கையால் ரோலரை நிறுத்தும் சிவப்புக் கம்பியை அடித்துத் தள்ளியிருந்தான். ரோலர் நின்றது. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஓடி வந்த எல்லாரையும் இரண்டு கையையும் விரித்துத் தடுத்தான்.

"யாரும் கிட்ட வராதீங்க. இன்ஜின்தான் நின்னுது. உள்ள உருள இன்னும் சுத்துது."

அது என் வாக்கியம். தோசைக்கு எதிரில் உட்கார்ந்து நான் வாசித்தது. இரண்டு முறை வாசித்த எனக்கு அது தொண்டைவரைகூட வரவில்லை. கொட்டாவி விட்டவன் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. உருளையின் சத்தம் மெல்ல இறங்கி இறங்கி நிற்கும்வரை அவன் விரித்த கையை இறக்கவில்லை. பாதித் துண்டு வெளியே தொங்கியது. மீதி போன இடத்தைப் பார்த்தபோதுதான் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். படிப்பு வீணில்லை என்று பிற்பாடு என்னைத் தேற்றிக்கொண்டேன். அது படித்தவனிடமே தங்கும் என்றுதான் உத்தரவாதமில்லை.

தேவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மதில் நிழலில் மாமனாரும் ஹாஜா பாயும் அசையாமல் இருந்தார்கள். இரண்டு வெள்ளைச் சட்டையிலும் வாழைக்கூழ். வாழைக்கறை துணியைவிட்டு இந்த ஜென்மத்தில் போகாது என்பது ஊருக்கே தெரியும். ஹாஜா பாய் தாடியிலிருந்து ஒரு செவ்வந்தி இதழை எடுத்துப் பார்த்தார்.

"அல்லா காப்பாத்துனான்" என்றார் முதலில். கொஞ்சம் பொறுத்து, "மெஷினு நல்லா திங்குது. ஜாஸ்தியாவே திங்குது" என்றார். அப்புறம் சரவணனைப் பார்த்து, "தம்பி, அடுத்த வாரம் தோப்புக்கு வந்துடு" என்றார்.

சரவணன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். மாமனார் எழுந்து வந்து பாதி வழியில் சாய்ந்து கிடந்த மொபெட்டைப் பார்த்தார். பாதித் துண்டைப் பார்த்தார். என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மெஷின் இருக்கட்டும். புள்ளயும் இங்கயே இருக்கட்டும். மாப்ளய மட்டும் அதுகிட்ட விடாதீங்க" என்றார்.

சரவணன் இங்கேயே இருந்துவிட்டான். அவன் மகளுக்கு இப்போது அந்த மெஷின் சத்தத்திலும் தூக்கம் வருகிறது. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் பாடம், கொட்டகைத் தூணில் கட்டியிருக்கும் பாதித் துண்டு. "இது எங்க மாமாவோடது. மீதி கிள்ளைல தென்னைக்கு எருவா கெடக்கு" என்று ஆரம்பிப்பான். மாமனார் கறைபட்ட அந்தச் சட்டையைத்தான் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் போட்டுக்கொள்கிறார்.

பூஜையில் அவரவர் ஆயுதத்தை அவரவர் வைப்பது வழக்கம். சரவணன் மெஷின் சாவியை வைப்பான். முன்பெல்லாம் நான் புத்தகங்களை வைப்பேன். இப்போதும் வைக்கிறேன். அவற்றுக்குச் சந்தனம் வைத்து முடித்ததும், மாமனார் உள்ளே போய் ஒரு கத்தரிக்கோலை எடுத்துவந்து மேலே வைக்கிறார்.

"இது மாப்ளயோடது" என்கிறார். "கயிறு அறுக்க."